கீமோ ஏறும் முன் கருமுட்டையைப் பற்றிக் கேளுங்கள்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல் வட்டம். அங்கே பொம்மசந்திராவில் இருக்கும் மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. நோயாளி இளம்பெண் என்றால், “முதலில் உயிர் பிழைக்கட்டும், குழந்தையை அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள் வீட்டார். அன்பில் சொல்வதுதான். ஆனால் சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் சூலகத்திலுள்ள முட்டைகளையும் அழித்துவிடக்கூடியவை.

புற்றுநோய்க்கும் கருமுட்டைக்கும் மரபணு அளவிலேயே உறவு உண்டு. ‘மாஸ்’ என்ற மரபணு, எலிகளைத் தாக்கும் மலோனி சார்கோமா வைரஸில் இருக்கும்போது நல்ல செல்லைப் புற்றுச் செல்லாக மாற்றுகிறது. அதே மரபணுதான் முதிர்ந்த முட்டையை, விந்தணு வந்து சேரும்வரை பிளவுபடாமல் நிறுத்திவைக்கிறது என்று 1989-இல் தவளை முட்டைகளில் கண்டறிந்தார்கள். மாஸ் இல்லாத எலிகளின் முட்டைகள் கருவுறாமலேயே பிளவுபடத் தொடங்கின. சூலகத்தில் கட்டிகளும் வந்தன.

குடும்பத்தில் பரம்பரையாக வரக்கூடியது வேறொன்று: பிஆர்சிஏ மரபணுக் கோளாறு. அது உள்ள பெண்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம். அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு, அப்பாவைப் பெற்ற பாட்டிக்குப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கீமோ தொடங்கும் முன்பே முட்டையை எடுத்து உறையவைக்கலாம்; அதற்கு ஏறக்குறைய 2 வாரம் ஆகும். கடைசி ஊசிதான் முட்டையை முதிரவைப்பது. மணி பார்த்துப் போட்டு, சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். மார்பகப் புற்றுநோயில் பலருக்கு இந்த அவகாசம் கிடைக்கும். ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் கிடைக்காது. எந்த மையமானாலும் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள்.

சம்மதக் கையெழுத்து விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போது, அம்மாவின் சம்மதத்தை வைத்துக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். அது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசர உயிராபத்து இல்லாதபோது, வயது வந்த, முடிவெடுக்கும் திறனுள்ள பெண்ணின் உடம்புக்கு அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். கணவரோ மாமியாரோ அல்ல. புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதும் அவள் உரிமை.

மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மரபணுக் கோளாறைக் காட்டிக் காப்பீட்டுக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் மறுத்தால், 1 ஆண்டுக்குள் உங்கள் பகுதிக்கான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.