காற்றின் ஈரமும் உலர்மலரும்

ஆவணித் திங்களில் கேரளம் அத்தப்பூக்களம் இடும் நாள்களில், தமிழ்நிலத்துப் பூக்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்கின்றன. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே எல்லைக்கோட்டில் அமைந்த மீனாட்சிபுரம், அக்கணவாயின் கீழ்வாயில்களுள் ஒன்று. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர். திருவோணம் கழிந்த சில நாள்களில், களத்தில் இட்ட செண்டுமல்லி அழுகிக் கருகிவிடும். அதனருகே கிடந்த வாடாமல்லியோ செவ்வூதா நிறம் குன்றாமல் இருக்கும். இரண்டும் ஒரே மழையில் நனைந்தவை. ஒரே வெயிலில் காய்ந்தவை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர்க்கே உலர்மலரைத் தேர்ந்தெடுக்கும் கலை கைவரும்.

பூவின் இதழ் பெரும்பாலும் நீரே. உரோசா இதழின் எடையில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் நீர்தான். மெல்லிய சுவர்களை உடைய அதன் செல்கள், உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தால் மட்டுமே விறைத்து நிற்கின்றன. நீர் வெளியேறினால் சுவர்கள் மடிந்து ஒட்டிக்கொள்ளும். இதழ் சுருங்கிக் கறுக்கும். வாடாமல்லியில் நம் கண்ணைக் கவரும் உருண்டை, இதழ்களால் ஆனதன்று. அது பூவடிச் செதில்களின் திரள். உண்மையான பூக்கள் அச்செதில்களுக்கிடையே, பஞ்சுபோன்ற மயிர் சூழ, மிகச் சிறியனவாக மறைந்திருக்கின்றன. செதில்களோ செடியில் நிற்கும்போதே பெரிதும் நீரற்றவை. தடித்த செல்சுவர்களால் வடிவம் காப்பவை. பறித்தபின் அவை இழப்பதற்கு அதிக நீர் இல்லை. ஆகவே உருவம் குலைவதும் இல்லை.

இந்த ஒன்றை அறிந்தால் வேலிதோறும் உலர்மலர் கண்ணில் படும். காகிதப்பூவின் மூன்று வண்ண மடல்களும் பூவடிச் செதில்களே. நடுவே நிற்கும் வெண்குழல்தான் பூ. கோழிக்கொண்டையில் பட்டைபோல் விரிந்திருப்பது பூங்கொத்தின் தண்டு. அதன்மேல் அடர்ந்த நுண்பூக்களின் இதழ்கள் சருகுத் தன்மை உடையவை. உதகைக் கடைகளில் ‘எவர்லாஸ்டிங்’ என்று விற்கும் ஆத்திரேலியப் பூவின் பளபளப்பான கதிர்களும் செதில்களே. ஆனைமலைத் தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் பூக்கும் வெண்ணிற அனாஃபாலிசும் அவ்வினத்தது. ஆயின் மூணாற்றுப் பக்கம் இரவிகுளத்தில் அதனைக் கண்டு கை நீட்டுவோர் அறிக: அது 1978 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஒரு பூவைப் பறிப்பதும் குற்றம். மலைப்புல்வெளியைக் கொள்ளையிட்டு வீட்டை அழகு செய்வதை நான் அழகென ஒப்பேன். நம் தோட்டத்து வாடாமல்லி அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிறம் நிற்பதற்கும் ஒரு வேதியியல் உண்டு. பெரும்பாலான பூக்களின் சிவப்பும் நீலமும் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவன. வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ ஆகிய மூன்றும் வேறொரு வழிமரபின; செங்கிழங்காகிய பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலைன்களே இவற்றுக்கும் நிறம் தருகின்றன. நீரும் வெப்பமும் ஒளியும் பீட்டாலைனைச் சிதைப்பன. நீர் குறையக் குறைய அது நிலைபெறும். எனவே விரைந்து உலர்ந்து, இருளில் இருந்து, மீண்டும் ஈரம் ஏறாத செதிலில் அந்நிறம் நெடுங்காலம் நிற்கிறது. வெயிலில் பரப்பிக் காயவைத்தாலோ, பூ உலருமுன்பே வெளிறத் தொடங்கிவிடும். மிளகாய்க்குச் செய்வதைப் பூவுக்கும் செய்யலாகாது.

பறிக்கும் பருவம் பூவுக்குப் பூ மாறும். இழப்புகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. எவர்லாஸ்டிங் பூவை, வெளிச்சுற்றுச் செதில்கள் இரண்டு மூன்று விரிந்து நடு இன்னும் மூடியிருக்கும்போதே பறிக்க வேண்டும். பறித்த பிறகும் அது விரியும். அதன் செதிலடியில் கீல்போல் இயங்கும் பகுதியின் செல்கள் உயிரற்றவை. காற்று உலர்ந்தால் ஒருபுறம் சுருங்கிச் செதிலை வெளியே வளைக்கின்றன, ஈரம் ஏறினால் மீண்டும் மூடுகின்றன. முழுதும் மலர்ந்தபின் பறித்தால் நடு பழுப்பேறி, விதைப் பஞ்சு பறக்கும். வாடாமல்லிக்கு நெறி நேர்மாறு: இளமொட்டாகக் கொய்தால் அது அவ்வளவில் நின்றுவிடும். தலை முற்றி உருண்டு நிறம் நிறைந்தபின் பறிப்பதே முறை; ஆயினும் நீண்டு உருளையாகிவிட்ட தலை தொட்ட அளவில் உதிரும். கோழிக்கொண்டையை, உள்ளங்கையில் தட்டினால் கருவிதை கொட்டும் நிலைக்கு முன்பே அறுத்துவிட வேண்டும். எதுவாயினும் பனி முழுதும் வற்றிய முற்பகலே உரிய நேரம். இலைகளை உருவிவிட்டு, சிறு சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தண்டு வளையாமல் நேராக நிற்பதற்கே இத்தலைகீழ் நிலை. கட்டு பெருத்தால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த தண்டு சுருங்குமாதலால் சணல் கட்டு நெகிழும். இரப்பர் வளையம் தானே இறுகி நிற்கும். தண்டை மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். அதுவே உலர்ந்தமைக்குச் சான்று.

காலம் தேர்வதில் மீனாட்சிபுரத்தார்க்கு இயற்கை ஒரு நல்வாய்ப்பை அளித்திருக்கிறது. நீலமலைக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் கணவாய், கார்த்திகை தொடங்கி மாசி வரை கீழ்க்காற்றைத் தன் இடுக்கில் நெருக்கி விரைவுபடுத்துகிறது. தமிழகச் சமவெளியைக் கடந்து வரும் அக்காற்று மார்கழியிலும் தையிலும் பெரிதும் வறண்டது. தென்மேற்குப் பருவத்திலோ கணவாயின் மேற்குப் பகுதியில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 80-ஐத் தாண்டி நிற்கும். அப்போது தொங்கவிட்ட பூ உலராது. ஆகவே ஓணத்தில் மிஞ்சிய மலரைக் காய வைப்பதினும், தைமாதப் பூவைக் காய வைப்பது சிறந்தது. சித்தூர் வட்டத்துக் கிழக்கு எல்லை கேரளத்திலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. பால், தேங்காய், காய்கறி என்று வாணிகம் பழகிய இவ்வூர்களில் உலர்மலர்த் தொழிலுக்கும் இடம் உண்டு என்பது என் துணிபு.

இதற்கு முன்னோடி தூத்துக்குடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே பெறும் அக்கரையில், வறண்ட காற்றும் துறைமுகமும் ஒருங்கே அமைந்தமையால், உலர்ந்த பூக்களும் தாமரைக்காய்களும் நெற்றுகளும் ஓலைகளும் பதப்படுத்தப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. ஏற்றுமதிக்கென வெளுத்துச் சாயம் ஏற்றுவதும் அங்கே உண்டு. வெளுக்கும் வேதிப்பொருள் நிறமியோடு செல்சுவரை இறுக்கும் லிக்னினையும் அரிக்குமாதலால், அத்தகைய பூ எளிதில் நொறுங்கும். சாயம் விரலிலும் துணியிலும் ஒட்டும். கடையில் வாங்குவோர் இயற்கையாக உலர்ந்ததை அறிய, வெண்துணியை நனைத்துச் செதிலை ஒற்றிப் பார்க்கலாம். ஒரே கட்டில் எல்லாப் பூவும் ஒரே அளவாய் ஒரே நிறமாய் இருப்பின் சாயமென்று ஐயுறலாம். இயற்கை நிறம் பூவுக்குப் பூ சிறிது வேறுபடும்.

காப்பது என்பது உலர்த்தலின் தொடர்ச்சியே. உலர்ந்த மலர் சுற்றுக்காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் நிற்கிறது. ஒப்பு ஈரப்பதம் 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். ஆதலால் ஆனி முதல் ஐப்பசி வரை அதனைப் பூச்சாடியில் வைத்தல் தகாது. இறுக மூடும் கலத்தில், சிலிகா ஜெல் பைகளுடன், இருட்டில் வைத்தலே நன்று. குளியலறை, அடுக்களை, சன்னலோரம் மூன்றும் எப்போதும் ஆகா. தூசியை மெல்லிய தூரிகையால் நீக்க வேண்டும். நீர் தெளித்துத் துடைக்கலாகாது.

பூச்சியே கரந்துறையும் பகை. சிகரெட் வண்டு என வேளாண்மையர் வழங்கும் பழுப்பு நிறச் சிறு வண்டு, புகையிலையையும் மஞ்சளையும் துளைப்பதுபோல் உலர்மலரையும் துளைக்கும். செதிலில் ஊசித்துளையும் அடியில் மாவு போன்ற தூளும் கண்டால், பூக்களைக் காற்றுப்புகா நெகிழிப் பையில் இட்டு உறைபெட்டியில், சுழிக்குக் கீழ் 18 பாகையில், இரண்டு வாரம் வைத்தல் வேண்டும். வெளியே எடுத்த பின்னும், பை அறையின் வெப்பத்தை அடையுமுன் பிரிக்கலாகாது. பிரித்தால் குளிர்ந்த பூவின்மேல் காற்றின் ஈரம் நீராய்ப் படியும்.

இந்நெறிகளின் உச்சத்தைக் காண விழைவோர் மீனாட்சிபுரத்திலிருந்து கோயம்புத்தூர் சென்றால் போதும். 1853-இல் சென்னையில் தோன்றிய மதராஸ் ஹெர்பேரியம் இன்று அந்நகரில், இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ளது. அழுத்தி உலர்த்திய தாவரங்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் அங்கே தாளில் ஒட்டப்பட்டுள்ளன. ஆனைமலைத் தாவரங்களைப் பற்றிய தம் ஆய்வைத் தாவரவியலாளர் ஃபிஷர் 1921-இல் வெளியிட்டதும் இத்தகைய உலர்மாதிரிகளைச் சான்றாகக் கொண்டே. வறட்சியும் இருளும் வாய்த்தால் மலர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு, 1922-இல் எகிப்தில் திறந்த தூத்தன்காமன் கல்லறை சான்று. மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மாலைகள் அங்கே வடிவம் குலையாமல் இருந்தன. அவற்றில் தொடுத்த பூவையும் கனியையும் ஆராய்ந்து, அவ்வரசன் மார்ச்சு நடுப்பகுதிக்கும் ஏப்பிரல் இறுதிக்கும் இடையே அடக்கம் செய்யப்பட்டான் என்று அறிஞர் கணித்தனர்.

நம் வீட்டுக் கட்டுக்கு அத்தனை நீண்ட வாழ்நாள் இல்லை. ஓரிரு ஆண்டில் நிறம் தளரும்போது வாடாமல்லித் தலைகளை எறிந்துவிட வேண்டா. முற்றிய தலைகளாயின், செதில்களுக்கிடையே பஞ்சு பொதிந்த விதைகள் இருக்கும். கையால் கசக்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மெல்லிய மண்போர்வையின்கீழ் விதைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைவிடும்; மூன்று திங்களில் பூக்கும். வெளுத்துச் சாயமேற்றிய பூவிலிருந்து இதனை எதிர்பார்த்தல் இயலாது.