மின்சார வண்டியும் இயந்திர அறிவும்

மின்விசையால் ஓடும் வண்டி கெடா மக்களுக்குப் புதியதன்று. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் மின்மயமாக்கப்பட்ட பின்னர், 2015ஆம் ஆண்டு முதல் சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் மின்சார இரயில்கள் நின்று செல்கின்றன. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2024 ஆகஸ்டு 8ஆம் நாள் திறக்கப்பட்ட இன்ஃபினியன் நிறுவனத்தின் புதிய ஆலையோ, மின்சார வண்டிகளில் மின்சாரம் வீணாவதைக் குறைக்கும் சிலிக்கான் கார்பைடுச் சில்லுகளைச் செய்கின்றது.

இரயிலுக்குத் தலைக்கு மேலே மின்கம்பி உண்டு. தோட்டத்துச் செம்மண் பாதையில் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு அஃது இல்லை. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது பேட்டரியில் சுமந்தே செல்ல வேண்டும். ஆகவே பெட்ரோலிலிருந்து மின்சாரத்திற்கு மாறும் முயற்சி விரைவதும் தாமதிப்பதும் பெரும்பாலும் பேட்டரியைப் பொறுத்தனவாகும். இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகின்றது.

செயற்கை நுண்ணறிவு என்பது யாது? பல்லாண்டுகள் பால் வெட்டிய தொழிலாளி, பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தின் நலத்தை அறிந்துகொள்கிறார். ஆயிரக்கணக்கான மரங்களைக் கண்ட பழக்கமே அதற்குக் காரணம். அதுபோன்று, ஏராளமான பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒழுங்கைக் கண்டு, இனி நிகழக்கூடியதை அது கணித்துச் சொல்லும்.

ஓர் உதாரணத்தைக் காண்போம். பேட்டரியைப் பத்தே நிமிடங்களில், அதன் ஆயுள் குறையாமல், மின்னேற்றும் வழியை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டொயோட்டா ஆய்வுக்கழக அறிஞர்கள் தேடினர். சோதிக்க வேண்டிய முறைகள் 224 இருந்தன. ஒவ்வொரு பேட்டரியும் பழுதாகும் வரை காத்திருந்தால் 500 நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்களுடைய கணினியோ முதல் 100 சுற்றுகளைக் கண்டதும் பேட்டரியின் ஆயுளைக் கணித்தது. அடுத்து எந்த முறையைச் சோதிப்பது என்பதையும் தானே தேர்ந்தெடுத்தது. வேலை 16 நாட்களில் முடிந்தது. இவ்வாய்வு 2020இல் வெளியாயிற்று.

ஓடிய வண்டியின் பேட்டரியில் எவ்வளவு வலிமை எஞ்சியுள்ளது என்று கணிக்கவும், மின்னேற்று நிலையங்களை எங்கெங்கு அமைக்கலாம் என்று திட்டமிடவும் இவ்வறிவு பயன்படுகின்றது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட பதிவுகளை மட்டுமே அறியும். மின்சார வண்டிகள் மிகுந்த பட்டணத்துப் பதிவுகளை மட்டும் கொடுத்தால், நிலையமும் பட்டணத்திற்கே வேண்டும் என்று அது கூறும். பாலிங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் புறப்படும் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் அதன் கண்ணுக்குப் புலப்படா. மேட்டிலும் மழைச் சேற்றிலும் செல்லும் வண்டியைப் பற்றி, சமதளச் சாலையில் கற்ற கணினி சரியாகக் கணிக்கும் என்றும் நம்புவதற்கில்லை. வசதி வந்து சேராமையால் தேவையே இல்லை என்று கருதப்படும் நிலை தோட்டப்புற மக்களுக்கு ஏற்படலாகாது.

ஆதலின் தோட்ட மக்கள் செய்யத்தக்கவை சில உள. போக்குவரத்தைப் பற்றிய கணக்கெடுப்பு வரும்போது, நாள்தோறும் செல்லும் தூரத்தையும் நேரத்தையும் தயங்காமல் தெரிவிக்க வேண்டும். மின்னேற்றும் வசதி தேவையெனில், தொழிற்சங்கத்தின் வழியாகவோ தோட்ட நிர்வாகத்தின் வழியாகவோ ஊராட்சி மன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தல் நன்று. எழுத்தில் உள்ளதே பதிவாகும்.

மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணுவோர், அதிலும் பழைய வண்டி வாங்குவோர், வெளித்தோற்றத்தைக் கண்டு மயங்காமல், பேட்டரியின் உத்தரவாதக் காலத்தையும் எஞ்சிய வலிமையையும் கேட்டறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 வெள்ளி வரை கழிவு அறிவிக்கப்பட்டது. இத்தகைய சலுகை தமக்கு உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

இயந்திரம் கணக்கிடட்டும். அக்கணக்கில் தோட்டமும் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கடமையாகும்.