ஒரு கூடை மாங்காய், ஒரு கை உப்பு

கத்திரி வெயில் நேரத்தில் ஏதாவது ஒரு சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வரும். அரை மணி நேரம் பேய்க்காற்று அடிக்கும். மழை நாலு தூறலோடு நின்றுவிடும். மறுநாள் விடிந்து பார்த்தால், வள்ளூரில் எங்கள் ஆயா வீட்டுத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தனையும் மாங்காய்! அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டு மரமும் அதே காற்றில்தானே ஆடியது?

"இவ்ளோவையும் இன்னா ஆயா பண்ணுவ?" என்று கேட்டேன். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு இருக்கச்சொல்ல இன்னாத்துக்குக் கண்ணு பயம்? நீ பொறுக்கினு வா" என்றார்.

அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். இதைப் படிக்கும் நேரமே போதும்.

முதலில் ஒரு மாங்காயை நடுவில் வெட்டிப் பாருங்கள். வெளியே தோல், அதற்குள் சதை, சதைக்குள் கெட்டியான ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. இப்படி அமைந்த கனியைப் பாடப்புத்தகம் உள்ஓட்டுச் சதைக்கனி என்று சொல்லும். தோல் வெளியுறை, சதை நடுவுறை, கொட்டையின் ஓடு உள்ளுறை. ஊட்டிப் பக்கம் விளையும் பிளம்ஸும் பீச்சும் இதே வகைதான். வேப்பம்பழமும் இலந்தையும் இதே கட்டுமானம். தேங்காய்கூட இதில் சேர்த்தி என்றால் நம்புவீர்களா? நாம் உரித்துப் போடும் மட்டைதான் அதன் நடுவுறை. மாங்காயில் நாம் தின்னும் இடம், தேங்காயில் நாராகிவிட்டது!

ஆயா மாங்காய்களை மூன்று குவியலாகப் பிரிப்பார். அடிபட்டுக் கன்றியது முதல் குவியல். கன்றிய இடத்தில் சதையின் செல்கள் உடைந்து, உள்ளிருந்த சாறு கசிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளுக்கு அது பந்தி விரித்தது போல. நாளை வரை தாங்காது. அதனால் கன்றிய இடத்தைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தை அன்றைக்கே நெத்திலிக் குழம்பில் போட்டுவிடுவார். மீன் குழம்பில் மாங்காய் போட்டால் ருசி மட்டுமல்ல, கவிச்சியும் அடங்கும். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெதில்அமீன் என்ற காரப் பொருள். அது காற்றில் பறந்து வந்து மூக்கைத் தொடுகிறது. மாங்காயில் உள்ள சிட்ரிக் அமிலம் அதோடு சேர்ந்ததும் அது பறக்க முடியாத உப்பாக மாறிவிடும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று பள்ளியில் படிக்கிறீர்களே, அது நம் வீட்டுக் குழம்புச் சட்டியில் தினமும் நடக்கிறது.

இரண்டாவது குவியல், அடிபடாத பச்சைக் காய்கள். இவற்றைத்தான் ஆயா வருடம் முழுக்கக் காப்பாற்றி வைப்பார். கழுவி, துடைத்து, துண்டு போட்டு, கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டுக் குலுக்கி, பீங்கான் ஜாடியில் வைத்து மூடிவிடுவார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டார். மறுநாள் திறந்தால் ஜாடியில் கால்வாசிக்குத் தண்ணீர் நிற்கும்!

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாங்காய்க்குள்ளிருந்துதான். மாங்காயின் எடையில் 100க்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அது கோடிக்கணக்கான குட்டிக் குட்டிச் செல்களுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீரை எளிதில் விடும், உப்பை எளிதில் விடாது. சவ்வுக்கு வெளியே உப்பு அதிகமாக இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் நகர்ந்துவிடும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

இப்போது ஒரு நிமிடம் மாங்காயை மறந்துவிட்டு என்னோடு காட்டுப்பள்ளிக் கடற்கரைக்கு வாருங்கள். வள்ளூருக்குக் கிழக்கே, கடலோரத்தில், மீஞ்சூர் நிலையம் என்று எல்லோரும் சொல்லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2010ல் தொடங்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்தத் தண்ணீரை மிக மெல்லிய சவ்வுகளின் மேல் செலுத்துவார்கள். சும்மா விட்டால் என்ன ஆகும்? ஜாடியில் நடந்ததுதான் நடக்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை நோக்கி ஓடும். நமக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர். அதனால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 50 மடங்குக்கும் மேலான அழுத்தம் கொடுத்துக் கடல்நீரைத் தள்ளுகிறார்கள். தண்ணீர் சவ்வைத் தாண்டி வந்துவிடுகிறது, உப்பு பின்னால் நின்றுவிடுகிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் என்பது இதுதான். வீட்டில் கேனில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் அந்த ஆர்.ஓ. என்ற இரண்டு எழுத்துக்கும் இதுவே பொருள்.

ஆயாவின் ஜாடியில் உப்பு தானாகத் தண்ணீரை இழுக்கிறது, செலவே இல்லை. ஆலையில் இயற்கையின் போக்குக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. உப்பின் இழுவிசை எவ்வளவு பெரியது என்று அந்த 50 மடங்குக் கணக்கிலேயே தெரிகிறது அல்லவா?

சரி, ஜாடிக்குத் திரும்புவோம். மாங்காயைக் கெடுப்பவை பாக்டீரியாவும் பூசணமும். அவற்றின் உடலும் செல்தான், அவற்றுக்கும் சவ்வு உண்டு. உப்பு மாங்காய்த் துண்டோடு மட்டும் நின்றுவிடுமா? அந்த நுண்ணுயிரிகளின் உடலில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் அவற்றால் பெருக முடியாது. மாங்காயின் புளிப்பு இன்னொரு காவல். பெரும்பாலான கெட்ட பாக்டீரியாக்கள் அவ்வளவு அமிலத்தைத் தாங்காது.

ஊறுகாய்க்கு இன்னும் இரண்டு காவலர்கள் வருவார்கள். அரைத்த கடுகு ஈரத்தில் பட்டதும் மூக்கில் ஏறும் நெடி ஒன்று வருகிறதே, அந்தப் பொருளுக்கு நுண்ணுயிரிகளை அடக்கும் குணம் உண்டு. கடுகு முழுசாக இருக்கும்வரை அது உண்டாவதில்லை, உடைந்த பிறகே உண்டாகிறது. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றை உள்ளே விடாது. பூசணத்துக்குக் காற்று வேண்டும். எண்ணெய்க்கு மேல் தலைநீட்டும் துண்டில்தான் அது முதலில் வெள்ளையாகப் பூக்கும். ஈரக் கரண்டியை ஊறுகாயில் விட்டால் அம்மா திட்டுவது ஏன் என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். அந்தச் சொட்டுத் தண்ணீர் விழுந்த இடத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. அங்கே காவல் இல்லை.

வற்றல் போடுவதற்கு ஆயா வேறு விதமாகச் செய்வார். உப்பில் ஊறிய துண்டுகளைக் காலையில் எடுத்து மாடியில் பாயில் பரப்புவார். சாயங்காலம் அவற்றைத் திரும்பவும் அதே உப்புத் தண்ணீரில் போடுவார். ஜாடியில் இருக்கும் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை இப்படியே நடக்கும். மாங்காயிலிருந்து வெளியேறிய புளிப்பையும் மணத்தையும் ஒரு சொட்டுகூட வீணாக்காமல் துண்டுக்குள்ளேயே திரும்ப ஏற்றும் வழி இது. எந்த ஆய்வுக்கூடத்திலும் படிக்காத ஒருவர் இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கடைசியில் ஒரு கிலோ துண்டு கால் கிலோகூடத் தேறாது. ஆனால் அடுத்த கோடை வரை வத்தக்குழம்புக்குக் கவலை இல்லை.

எண்ணூர்க் கழியை ஒட்டிய உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் இதே வெயில்தான் வேலை செய்கிறது. பாத்தியில் தேங்கிய உப்பு நீரிலிருந்து தண்ணீரை மட்டும் வெயில் எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. மாடியில் மாங்காய், பாத்தியில் உப்பு, கடற்கரையில் கருவாடு. மூன்றுக்கும் ஒரே சூரியன், ஒரே கணக்கு.

நம் ஊரில் வற்றல் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். கல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பொழுது சாய்வதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். நிலக்கரி லாரிகள் போகும் சாலையும் அனல் மின் நிலையங்களும் உள்ள பகுதி நம்முடையது. தூசி படியாமல் வெள்ளைத் துணியால் மூடிக் காயவைப்பது அவசியம்.

மூன்றாவது குவியல் முற்றிய காய்கள். காம்பைச் சுற்றித் தோள் உப்பியிருந்தால் முற்றியது. இல்லையென்றால் வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். முற்றிய காய்களை ஆயா அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுவார். பழுக்கத் தொடங்கும் மாங்காய் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு பட்டால் பக்கத்தில் இருக்கும் காயும் பழுக்கத் தொடங்கும். திறந்த இடத்தில் வாயு கலைந்துவிடும், அரிசிக்குள் தங்கிவிடும். காயில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, புளிப்பு குறைகிறது. சிலர் அவசரத்துக்குக் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கிறார்கள். அதிலிருந்து வருவது அசிட்டிலீன். அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கழிவுகள் இருக்கலாம் என்பதால் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. அரிசிப் பானை இருக்கும் வீட்டுக்கு அந்தக் கல் எதற்கு?

பழுத்ததும் தின்று தீர்க்க முடியாவிட்டால், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் செய்வது போல மாமிடி தாண்ட்ரா செய்யலாம். பழக்கூழை எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகத் தடவி வெயிலில் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. இங்கே உப்பு செய்த வேலையைச் சர்க்கரை செய்கிறது.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே அளவில் இரண்டு மாங்காய்த் துண்டு வெட்டுங்கள். காம்புப் பக்கத்துப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், முதலில் நன்றாகக் கழுவுங்கள். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் மூன்று கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. மூன்று மணி நேரம் கழித்து இரண்டையும் வளைத்துப் பாருங்கள். ஒன்று மொறுமொறுப்பாக நிற்கும், ஒன்று துவண்டு வளையும். எது எந்த டம்ளர் என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

கடைசியாகக் கொட்டை. இதுவரை தண்ணீரை எடுத்தால் மாங்காய் பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு அப்படி இல்லை. நெல்லையும் அவரை விதையையும் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கலாம். மாங்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். மரம் வேண்டும் என்றால், பழம் தின்ற சில நாளுக்குள், ஈரம் போவதற்கு முன்பே கொட்டையை மண்ணில் நட்டுவிடுங்கள்.