மஞ்சள் வயர் எங்கே போகிறது?

அண்ணன் காரில் புது ரேடியோ மாட்டியாயிற்று. மின்னல் எஃப்.எம். தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சாவியை அணைத்துவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால், கடிகாரம் பழையபடி தொடக்கத்தில் நிற்கிறது. பதிந்து வைத்த நிலையங்கள் ஒன்றுகூட இல்லை. "ரேடியோ சரியில்லை" என்று அண்ணன் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ரேடியோவில் குறை இருக்காது. இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கும்.

ஸ்ரீ கெம்பாங்கான் போன்ற இடங்களில் பழைய சாகாவோ மைவியோ வாங்கியவுடன் பலர் செய்யும் முதல் வேலை ரேடியோவை மாற்றுவதுதான். வகுப்பில் 'அருஸ்', 'வோல்தான்', 'ரிந்தாங்கான்' என்று மலாய் மொழியில் படிக்கிறீர்களே, அந்த மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் இந்த ஒரு வேலையில் பார்த்துவிடலாம்.

ஒரு ரேடியோவுக்கு ஏன் இரண்டு மின்வழி?

கடையில் தனியாக விற்கும் ரேடியோவின் பின்புறம் மூன்று வயர்களை முதலில் தேடுங்கள். மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பும்போது மட்டும் 12 வோல்ட் வேண்டும். கறுப்பு வயர் காரின் உலோக உடலோடு சேர வேண்டும். இதைத்தான் 'எர்த்' என்கிறோம். பேட்டரியின் எதிர்முனையும் அதே உடலோடு இணைந்திருக்கிறது. ஆகவே மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பத் தனி வயர் தேவையில்லை. காரின் உடலே திரும்பும் பாதை.

மஞ்சள் வயர் கடிகாரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைத்திருக்க உதவுகிறது. பாட்டுக்கு வேண்டிய பெரிய மின்னோட்டமும் பெரும்பாலான ரேடியோக்களில் அதன் வழியாகவே வருகிறது. சிவப்பு வயர், 'சாவி திருப்பியாயிற்று, விழித்துக்கொள்' என்று சொல்வதற்கு மட்டும்தான். இரண்டும் இடம் மாறினால், சாவியை அணைத்தவுடன் மஞ்சளுக்கு மின்சாரம் நின்றுவிடும். ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சிலர் இதற்குக் குறுக்குவழியாக இரண்டு வயர்களையும் சேர்த்துப் பேட்டரி வழியிலேயே இணைத்துவிடுகிறார்கள். ரேடியோ இனி மறக்காது. ஆனால் சாவியை எடுத்தாலும் அது தூங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். நினைவுக்கு மட்டும் 5 மில்லி ஆம்பியர் போதும் என்றால், 45 ÷ 0.005 = 9,000 மணி நேரம்; ஓர் ஆண்டுக்கும் மேல். விழித்திருக்கும் ரேடியோ அரை ஆம்பியர் இழுத்தால், 45 ÷ 0.5 = 90 மணி நேரம்; நான்கு நாள்கூட இல்லை. பேட்டரி முழுதாகக் காலியாகும் முன்பே எஞ்சினைக் கிளப்பும் சக்தி போய்விடும். தீபாவளிக்குக் காரை வீட்டில் விட்டுவிட்டுத் தாத்தா ஊருக்குப் போய் வந்தால், கார் கிளம்பாது.

நிறத்தை நம்பலாமா?

'மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு' என்று இணைத்தால் போதாதா? போதாது. மேலே சொன்ன நிறங்கள் ரேடியோ பக்கத்துப் பழக்கம். கார் பக்கத்து வயர்களுக்கு அந்தந்த நிறுவனம் தனக்கு வேண்டிய நிறத்தைத் தருகிறது. பல டொயோட்டா கார்களில் எப்போதும் மின்சாரம் உள்ள வயர் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது. சாவியோடு வருவது சாம்பல் நிறம். எர்த் பழுப்பு நிறம். ஐ.எஸ்.ஓ. 10487 என்ற உலகத் தரம் கார் ரேடியோ சாக்கெட்டில் எந்த முனை எதற்கு என்று வகுத்திருக்கிறது. அப்படியும் சில கார்களில் அந்த இரண்டு மின்முனைகள் இடம் மாறியே வருகின்றன.

மஞ்சளுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பல கார்களில் ஏர்பேக் வயர்களுக்கு மஞ்சள் உறையோ மஞ்சள் சாக்கெட்டோ போட்டிருப்பார்கள். 'தொடாதே' என்ற எச்சரிக்கை அது. அதில் மீட்டரையோ சோதனை விளக்கையோ வைத்தால் ஏர்பேக் வெடித்து விரியக்கூடும். ஒரே மஞ்சள், ஒரு பக்கம் ரேடியோவின் நினைவு, மறுபக்கம் ஆபத்து.

ஒலிபெருக்கி வயர்களிலும் நிறம் ஏமாற்றும். வெள்ளை வயருக்கு ஜோடி, கறுப்புக் கோடு போட்ட வெள்ளை. கறுப்பு தெரிகிறதே என்று அதைக் காரின் உடலோடு சேர்த்துவிடாதீர்கள். இன்றைய ரேடியோக்களில் ஒலிபெருக்கியின் இரண்டு முனைகளிலுமே ஏறக்குறைய 6 வோல்ட் இருக்கும். ஒன்றை உடலோடு சேர்த்தால் குறுக்குச் சுற்று. ரேடியோவின் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கச் சில்லு எரிந்து போகலாம்.

12 வோல்ட் என்ன செய்துவிடும்?

'வீட்டு மின்சாரம்போல் ஷாக் அடிக்காதே' என்பீர்கள். உண்மைதான். ஆனால் தீ மூட்டும். உறை உரிந்த வயர் ஒன்று காரின் உடலைத் தொடுகிறது என்று கொள்வோம். வயரின் மின்தடை 0.05 ஓம், பேட்டரியின் உள் மின்தடை 0.01 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 0.06 = 200 ஆம்பியர். வயரில் பிறக்கும் வெப்பம் 200 × 200 × 0.05 = 2,000 வாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டியின் அளவு வெப்பம், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வயரில்! பிளாஸ்டிக் உறை உருகிப் பற்றிக்கொள்ள வெகுநேரம் ஆகாது.

அதைத் தடுப்பதற்குத்தான் ஃபியூஸ். அது வயருக்கு முன்பே உருகி மின்வழியைத் துண்டிக்கிறது. ஃபியூஸ் போய்விட்டால் காரணத்தைத் தேட வேண்டும். 10 ஆம்பியருக்குப் பதில் 30 போடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்குச் சமம்.

எர்த் சரியில்லாவிட்டால் சத்தம் வரும். சாயம் பூசிய திருகில் கறுப்பு வயரை மாட்டினால், சாயம் மின்சாரத்தைத் தடுக்கும். அந்த இணைப்பில் 0.2 ஓம் இருந்து, 5 ஆம்பியர் ஓடினால், 1 வோல்ட் அங்கேயே வீணாகிறது. மின்னாக்கியின் ஏற்ற இறக்கங்களும் பாட்டோடு கலந்துவிடலாம். எஞ்சின் வேகம் கூடக்கூட 'ஙீ...' என்ற ஒலியும் கூடினால், முதலில் எர்த் திருகைச் சுரண்டிப் பாருங்கள்.

அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தத்தில் 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனை சாயமில்லாத உலோகத்தில் இருக்கட்டும். சிவப்பு முனையால் பழைய ரேடியோ சாக்கெட்டின் மின்முனைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சாவி இல்லாமலேயே 12 வோல்ட் காட்டினால் அது மஞ்சளுக்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டினால் அது சிவப்புக்கு. இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றச் சொல்லுங்கள். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடலில் பட்டால், மேலே பார்த்த அதே குறுக்குச் சுற்று ஏற்படும். எதிர்முனை கழன்றுவிட்டால் திரும்பும் பாதையே இல்லை. வயர்களை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி உரிந்துவிடும். காரின் மாடலுக்கு ஏற்ற சாக்கெட் கடையில் கிடைக்கும். கார் வயரை வெட்ட வேண்டியதே இல்லை. அதை மாட்டுவதற்கு முன்பும் ஒருமுறை அளந்து பாருங்கள்.