மூன்று கை மாறும் சரக்கு: மெக்சிகோ லாரிகளை அமெரிக்க ஓட்டுநர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமையல் காண்ட்ராக்டரின் ஆட்கள் சாம்பார் அண்டாவைச் சமையற்கட்டு வாசல் வரைதான் தூக்கிவரலாம். வாசலில் வேறொருவர் அதை வாங்கி, நடையைக் கடந்து பந்திக் கூடத்தின் முனையில் இறக்கி வைப்பார். அங்கிருந்து மண்டபத்தின் பரிமாறும் ஆட்கள் வாளியில் மொண்டு இலைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு கரண்டி சாம்பார் இலையில் விழ மூன்று கை மாற வேண்டும். அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் லாரிப் போக்குவரத்து பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது.

வாசல் வரை ஒருவர், நடையில் ஒருவர், பந்தியில் ஒருவர்

மெக்சிகோவின் மான்டெரேயில் ஒரு தொழிற்சாலை. சரக்கு போக வேண்டியது டெக்சஸின் டல்லஸுக்கு. மெக்சிகோ லாரி எல்லையோர நகரமான நுவெவோ லரேடோ வரை வரும். அங்கே ட்ரெய்லரின் முட்டுக்கால்களைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி இறக்குவார்கள். பிரேக்குக்குக் காற்று போகும் குழாய்களையும் விளக்கு ஒயரையும் கழற்றியதும், இழுத்து வந்த முன்வண்டி விலகிவிடும். 'டிரான்ஸ்ஃபர்' எனப்படும் இன்னொரு முன்வண்டி வந்து ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, ரியோ கிராண்டே ஆற்றுப் பாலத்தின் வரிசையில் நிற்கும். சுங்கச் சோதனை முடிந்து அமெரிக்கப் பக்கத்து லரேடோவின் சரக்கு வளாகத்தில் ட்ரெய்லரை விட்டுவிட்டுத் திரும்பும். மூன்றாவதாக ஓர் அமெரிக்க லாரி அதை மாட்டிக்கொண்டு ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பும்.

நடையில் நிற்கும் ஆளுக்குத் தூரம் குறைவு, காத்திருப்பு அதிகம். அதனால்தான் டிரான்ஸ்ஃபர் வேலைக்குப் பெரும்பாலும் வயதான வண்டிகளை விடுகிறார்கள். நெடுந்தூரம் ஓடும் புது வண்டி ஓடினால்தான் காசு. அதைப் பால வரிசையில் நிறுத்தி வைக்க எந்த முதலாளியும் விரும்புவதில்லை. பின்னால் வரும் கதைக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

கதவைப் பூட்டியது யார்?

1982இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று வெளிநாட்டு லாரி நிறுவனங்களுக்குப் புது பெர்மிட் தருவதை நிறுத்திவைத்தது. கனடாவுக்கு அந்தத் தடை சீக்கிரமே விலகியது, மெக்சிகோவுக்கு நீடித்தது. எல்லை நகரங்களை ஒட்டிய 'வணிக மண்டலம்' என்ற குறுகிய பட்டைக்குள் மட்டும் மெக்சிகோ லாரிகள் வர முடிந்தது.

இந்த மூன்று நாடுகளுக்கிடையே 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா சுதந்திர வணிக ஒப்பந்தம் இதை மாற்றுவதாக உறுதி தந்தது. 1995 டிசம்பர் 18 முதல் எல்லையோர மாநிலங்கள், 2000 முதல் நாடு முழுவதும் திறந்துவிடப்படும் என்றது. ஆனால் முதல் கெடு வந்த அன்றே கிளின்டன் அரசு, பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவைத்தது. ஓட்டுநர்களின் பெரிய தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸும், சொந்த வண்டி வைத்து ஓட்டுபவர்களின் சங்கமான ஓ.ஓ.ஐ.டி.ஏ.வும் எதிர்ப்பில் முன்னால் நின்றன.

எதிர்ப்புக்குள் இருக்கும் இரண்டு கேள்விகள்

பரிமாறும் ஆட்கள் முதலில் கேட்பது சுத்தத்தைப் பற்றி: கை கழுவினாயா, பாத்திரம் தேய்த்ததா? லாரியில் இது பிரேக், டயர், ஓட்டுநரின் தூக்கம். அமெரிக்காவில் ஓட்டுநர் ஒரு நாள் பணியில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதற்குப் பதிவு உண்டு, போதைப்பொருள் சோதனை உண்டு. எல்லைக்கு அந்தப்பக்கம் அந்தக் கண்காணிப்பு இந்த அளவுக்கு இருக்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வி வீண்பழி அல்ல. 2001இல் வாஷிங்டன் மாநிலத்தின் பாட்டி மரே, அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி ஆகிய இரு செனட்டர்கள் மெக்சிகோ லாரிகளை அனுமதிப்பதற்குக் கொண்டுவந்த நிபந்தனைகள், நிறுவனத்தின் இடத்துக்கே போய்த் தணிக்கை செய்வது வரை நீண்டன.

இரண்டாவது கேள்வி கூலியைப் பற்றியது. பந்திக் கூடத்துக்குள் குறைந்த சம்பளத்து ஆள் வந்துவிட்டால் என் வேலை என்னாகும்? இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1980இல் லாரித் தொழிலின் மீதிருந்த கட்டண, பெர்மிட் கட்டுப்பாடுகளை அமெரிக்கா தளர்த்தியது. நிறுவனங்கள் பெருகின, வாடகை சரிந்தது, சங்கங்கள் மெலிந்தன. ஓட்டுநரின் கூலி விலைவாசியோடு ஏறவில்லை. பல ஓட்டுநர்களுக்கு ஓடிய மைலுக்குத்தான் பணம்; கிடங்கு வாசலில் லோடு ஏறக் காத்துக்கிடக்கும் மணிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஏற்கெனவே தேய்ந்த கூலியில் இன்னொருவர் பங்குக்கு வருகிறார் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

கதவு திறந்தாலும் ஒரு கோடு உண்டு

வெளியாள் கொண்டுவந்த சாம்பாரை நேரே இலைக்குப் பரிமாறலாம். திரும்பும்போது சமையற்கட்டுக்குப் போக வேண்டியதை எடுத்துப் போகலாம். ஆனால் மண்டபத்து ரசத்தை எடுத்து, இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் பரிமாறக்கூடாது. மெக்சிகோ லாரிக்கும் இதே விதி. மான்டெரே சரக்கை டல்லஸில் இறக்கலாம். மெக்சிகோவுக்கு ரிட்டர்ன் லோடு ஏற்றலாம். டல்லஸில் ஏற்றி சிகாகோவில் இறக்க முடியாது. உள்ளூர் லோடு உள்ளூர்க்காரருக்கே. சங்கங்கள் உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கும் கோடு இது. மீறல்களைச் சரியாகப் பிடிப்பதில்லை என்ற அவர்களது புகார் இன்றும் ஓயவில்லை.

பூட்டின் விலையை யார் கொடுத்தது?

2001 பிப்ரவரியில் நாஃப்டாவின் நடுவர் குழு, அமெரிக்கா ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2007இல் புஷ் அரசு ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது; 2009 மார்ச்சில் நாடாளுமன்றம் அதற்குப் பணத்தை நிறுத்தியது. உடனே மெக்சிகோ, ஆண்டுக்குச் சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்கள் மீது வரி போட்டது. உருளைக்கிழங்கு, பேரிக்காய், திராட்சை, கிறிஸ்துமஸ் மரம் என்று நீண்ட பட்டியலில், 2010இல் ஆப்பிளும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தன.

கூடத்தில் பரிமாறுபவரோடு வந்த சண்டைக்கு, காய்கறி கொடுத்த விவசாயி அபராதம் கட்டினார். நிபந்தனைகளைக் கொண்டுவந்த செனட்டர் மரேயின் சொந்த மாநிலத்துத் தோட்டக்காரர்களும் அடி வாங்கியவர்களில் இருந்தார்கள். 2011 ஜூலையில் புதிய உடன்பாடு வந்து வரி பாதியானது. அக்டோபர் 21இல் முதல் மெக்சிகோ லாரி லரேடோ பாலத்தைக் கடந்து டல்லஸ் அருகேயுள்ள கார்லண்டுக்குக் கிளம்பியபோது மீதியும் போனது.

திறந்த பிறகு என்ன நடந்தது?

2011இல் இப்படித் தொடங்கிய மூன்றாண்டு சோதனைத் திட்டத்தில் கலந்துகொண்டவை 15 மெக்சிகோ நிறுவனங்கள் மட்டுமே. ஓட்டும் நேரத்தையும் போகும் வழியையும் பதிவுசெய்யும் கருவியைப் பூட்டித்தான் வண்டிகளை விட்டார்கள். இவர்கள் பாதுகாப்பாகவே ஓட்டினார்கள் என்றது போக்குவரத்துத் துறை. முடிவுக்கு வர இந்த எண்ணிக்கை போதாது என்றார் அதே துறையின் தலைமைத் தணிக்கையாளர். 2015 முதல் தகுதியுள்ள நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம் என்றானது. பயந்தது போல லாரி வெள்ளம் வரவில்லை. பால வரிசையும் சுங்கத் தாமதமும் காப்பீட்டுச் செலவும் இருக்கும்வரை மூன்று கை முறைதான் பலருக்குக் கட்டுபடியாகிறது. 2020 ஜூலையில் நாஃப்டாவின் இடத்துக்கு வந்த ஒப்பந்தமும், அமெரிக்க நெடுந்தூர லாரித் தொழிலுக்குப் பாதிப்பு என்று தெரிந்தால் கதவை மீண்டும் சாத்த அமெரிக்காவுக்கு வழி வைத்திருக்கிறது.

ஓட்டுநர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடிப்பவரிடம் 'சுதந்திர வணிகம் எல்லோருக்கும் நல்லது' என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். ஆனால் அவர்களுடைய கூலி காணாமல் போன இடம் லரேடோ பாலம் அல்ல. அது கிடங்கு வாசலில், காத்திருந்த மணிகளில் போனது. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், நெடுஞ்சாலை ஓட்டுநர்களை ஓவர்டைம் சம்பளத்திலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. அதை நீக்கும் மசோதாவை டீம்ஸ்டர்ஸும் ஓ.ஓ.ஐ.டி.ஏ.வும் சேர்ந்தே ஆதரிக்கின்றன. எல்லைச் சண்டையில் செலவான நாடாளுமன்ற பலம் இந்த மசோதாவுக்குப் போயிருந்தால் லாபம் அவர்களுக்கே.

ஒரு சாலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் ஒரே பிரேக் சோதனை, ஒரே ஓய்வு நேரம், காத்திருப்புக்கும் சேர்த்து ஒரே நியாயமான கூலி என்று விதி இருந்தால், ஓட்டுநர் எந்த ஊர்க்காரர் என்பது யாருக்கும் நஷ்டமாகாது. மலிவான ஆள் என்பதற்காக ஒருவரைக் கூப்பிடும் வசதி முதலாளிக்கு இருக்கக்கூடாது. மான்டெரே ஓட்டுநருக்கும் டல்லஸ் ஓட்டுநருக்கும் பொதுவான கோரிக்கை இதுதான்.