பணம் சரி, எண்ணிக்கை தப்பு: மெயின்ஃபிரேமில் என்ன நடக்குது?

ஏடிஎம்மில் கார்டைச் செருகினால் பணம் வந்துடுது. பல பெரிய வங்கிகளில் அந்தப் பரிவர்த்தனையை முடித்துக் கொடுப்பது, 1969-ல் ஐபிஎம் வெளியிட்ட ‘சிஐசிஎஸ்’ மென்பொருள்.

எத்தனை பரிவர்த்தனை நடந்தது, எவ்வளவு மெமரி செலவானது என்பதையும் அதுவே எண்ணும். குறிப்பிட்ட இடைவெளியில் பதிவு செய்துவிட்டு, கவுன்ட்டர்களை ரீசெட் செய்யும்.

தப்பு எப்படி வருது?

4 பைட் கவுன்ட்டர் சுமார் 429 கோடியைத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ரீசெட் விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும்.

இதனால் உங்க பணம் குறையாது. ஆனால், கூடுதல் மெமரி வேண்டுமா என்று முடிவெடுப்பதே இந்த எண்களை வைத்துத்தான். குறைத்துக் காட்டினால், சம்பள நாள் நெரிசலில் சிஸ்டம் திணறலாம்.

எப்படிச் சரிசெய்றாங்க?

பிழை உறுதியானால் ஐபிஎம் ‘பிடிஎஃப்’ எனும் திருத்தத்தை வெளியிடும். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது தப்பு எங்கே என்பதைத்தான். அறிக்கை அச்சிடும் புரோகிராமில் என்றால், பழைய பதிவுகளை மறுபடி ஓட்டினால் போதும். கவுன்ட்டரிலேயே என்றால், பதிவான எண்கள் திருந்தாது. அவற்றை நம்பிப் போட்ட திட்டத்தைத்தான் திருத்தணும்.