தியானம் மதிப்பெண் தருமா?

இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறீர்கள். கண்கள் வரிகளின் மீது ஓடுகின்றன. இரண்டு பக்கங்கள் புரண்டுவிட்டன. என்ன படித்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் நினைவில்லை! கண் படித்தது, மனமோ கிரிக்கெட் மைதானத்தில் இருந்தது.

இதற்குத் தியானம் நல்ல மருந்து என்கிறார்கள் பலர். உண்மைதானா? அறிவியல் மாணவர்கள் எதையும் சோதித்துப் பார்த்த பின்புதானே ஏற்க வேண்டும்?

மூளையின் மின் அலைகள்

தலையில் மின்முனைகளைப் பொருத்தி மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். தலையின் மேற்பரப்பில் கிடைப்பதோ, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றில் சில பத்துப் பங்குகள்தாம்! கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது, வினாடிக்கு 8 முதல் 13 அதிர்வுகள் கொண்ட ஆல்ஃபா அலைகள் தோன்றுகின்றன. திடீரென்று ஓசை கேட்டால் அவை குலைந்துவிடும்.

1961-ஆம் ஆண்டில் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகள் சிலரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். பலத்த ஒளி, பேரோசை, சூடான கண்ணாடிக் குழாய், அதிரும் இசைக்கவை ஆகியவை சாதாரண நேரத்தில் அந்த அலைகளைக் குலைத்தன. யோகிகள் தியானத்தில் ஆழ்ந்திருந்தபோது குலைக்கவில்லை!

ஆனால் இவர்கள் நீண்ட பயிற்சி பெற்ற யோகிகள்; எண்ணிக்கையிலும் மிகச் சிலர். தேர்வு எழுதும் மாணவருக்கு இதனால் என்ன பயன்?

இரண்டு வாரச் சோதனை

அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் (சாண்டா பார்பரா) நடந்த ஓர் ஆய்வு 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 48 மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் தியான வகுப்பு. மற்றக் குழுவுக்கு அதே அளவு நேரம் உணவுச் சத்து பற்றிய வகுப்பு. ஏன் இந்த இரண்டாம் குழு? ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், பலன் தியானத்தால் வந்ததா, வெறும் உற்சாகத்தால் வந்ததா என்று எப்படிச் சொல்வது?

தியானக் குழு, படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் முன்னேறியது. முன்பு மனம் மிகுதியாக அலைந்தவர்களிடம், அந்த அலைச்சல் குறைந்ததே முன்னேற்றத்துக்குக் காரணம் என்று தெரிந்தது.

அவசரப்படாதீர்கள்! பிரிட்டனில் 8000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ஆம் ஆண்டில் வந்தது. வகுப்பில் தியானம் கற்றவர்களின் மனநலம், வழக்கமான பாடம் கேட்டவர்களுடையதைவிட மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லையாம். நீச்சலைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீந்த வந்துவிடுமா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கடிகாரம், நோட்டுப் புத்தகம், பென்சில் போதும். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது இயல்பாகவே நடக்கட்டும். வெளிவரும் மூச்சை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறினாலோ, ஒன்பதைத் தாண்டிவிட்டாலோ ஒரு கோடு போடுங்கள். தினம் பத்து நிமிடம், பதினான்கு நாள். பிறகு நாட்களை x அச்சிலும் கோடுகளை y அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். நண்பர் ஒருவர் முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் இதைச் செய்யட்டும்; அவர்தான் உங்கள் ஒப்பீடு. இடையில் மனத்துக்கு உளைச்சலாக இருந்தால் நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் கோடுகள் மிகுந்தால் சோர்ந்துவிடாதீர்கள். மனம் ஓடியதைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தீர்களே, அதுதான் பயிற்சி! படிக்கும்போது வேண்டியதும் அதே திறமைதான்.

தியானம் ஓம் விதியைக் கற்றுத் தராது. அதை நீங்கள்தான் படிக்க வேண்டும். படிக்கும்போது மனமும் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்க அது உதவக்கூடும். உதவுகிறதா என்பதை உங்கள் வரைபடமே சொல்லட்டும்!